சாப்பிட்டவரிடம் விலை சொல்வது

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எங்கள் மகளிர் குழுவின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் மட்டும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்காத ஒருத்தி, வியாபாரத்தைப் பற்றியும் சீனாக்காரர்களைப் பற்றியும் எழுத உட்கார்ந்தால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். சிரித்துவிட்டு, முடிந்தால் மேலே படியுங்கள். எனக்குத் தெரிந்த சீனாக்காரர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பகல் பொழுது. தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், குண்டூர் நாட்டில் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. ஏழு வீடுகள். எல்லாரும் பங்காளிகள். மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். பறித்துக் காயவைத்த மிளகை வருஷா வருஷம் சோளக்காடு என்ற பக்கத்து ஊர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் எடுத்துக்கொள்வார். அவர் அடிவாரத்து ஆள். அவருடைய அப்பா உப்பும் கருவாடும் தலையில் சுமந்து மலை ஏறி விற்றவராம். இவருக்கு இன்று குடோன், லாரி எல்லாம் இருக்கிறது. விலையை அவர் சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம். "கீழ்நாட்டுக்காரங்களுக்கு வியாபாரம் ரத்தத்துலயே ஊறியிருக்குதுங்க, நமக்கு அது வராது" என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். நானும் கல்யாணமான புதிதில் கணவரோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போனவள்தான். அங்கே மேஸ்திரி, "கொல்லிமலை ஆளா? மரம் ஏறுவாங்க, வாய் பேசமாட்டாங்க" என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்துக்கொண்டார். அதைப் பெருமை என்று நினைத்து நான் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

என் மகள் சென்னையில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். அந்தக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சீனாக்கார அம்மா ஓட்டல்களுக்குச் சாஸ் தயாரித்துக் கொடுக்கிறார். நல்ல மிளகு எங்கே கிடைக்கும் என்று அவர் என் மகளிடம் கேட்டிருக்கிறார். மகள் போனில் சொன்னாள். நான் அதைக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். நான் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சீனாக்காரியா? அவிய பெரிய கைங்க. ஒரேடியா அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க."

"சீனாக்காரன் நட்டப்பட்டு எங்கயாச்சும் பாத்திருக்கறயா?"

சீனாக்காரனையே யாரும் பார்த்ததில்லை. அதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு தடவை அந்த அம்மாவுக்கு விற்றுப் பார்ப்பது என்று முடிவாகி, விலையும் பேசிவைத்தோம். ஏழு வீட்டு மிளகும் பதினேழு மூட்டை. ரோட்டுக்குக் கிட்ட இருப்பதால் எல்லாவற்றையும் எங்கள் வீட்டு முன்னறையில் அடுக்கினோம். இரண்டு நாளுக்குள் சோளக்காட்டு வியாபாரிக்குச் செய்தி போய்விட்டது. பஸ்ஸில் எங்கள் சின்ன மாமனாரைப் பார்த்து, "வெளிய விக்கறதுன்னா வித்துக்குங்க. அப்பறம் எங்கிட்ட மூட்டையத் தூக்கிக்கிட்டு வரக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கு வேறு வியாபாரி பழக்கமில்லை. கோடை மழை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஈரக்காற்றில் மிளகு பூஞ்சை பிடித்தால் ஏழு வீட்டின் ஒரு வருஷ உழைப்பும் போச்சு. அத்தனையும் என் ஒரு பேச்சை நம்பி என் வீட்டில் அடுக்கியிருந்தது. கணவர் குடகில் இருந்தார். போனில், "யாரக் கேட்டுச் சொன்ன?" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவர் கை நனைத்துவிட்டால், அந்த வீட்டாரும் பங்காளிகளும் அவரிடம் விலை சொல்லக்கூடாது. சாப்பிட்டவர் உறவாகிவிடுகிறார். அவரிடம் விலை சொன்னால் போட்ட சோற்றுக்கும் சேர்த்துக் கேட்டது போல ஆகும். அப்படி விற்றே தீர வேண்டும் என்றால், அந்த வீட்டில் சாப்பிடாத வெளியாள் ஒருவர் நடுவில் நின்று பேச வேண்டும். எங்கள் குழுவின் தலைவி என் கணவரின் அண்ணன் மனைவி, அக்கா என்று கூப்பிடுவேன். வாய் உள்ளவர். விலை பேசுவது அவர் பொறுப்பு. அன்று காலை எடை மிஷின் இரவல் வாங்க அவர் செம்மேட்டுக்குப் பஸ் ஏறினார். ஏறும்போது படியில் நின்றபடியே, "நான் வர்றக்குள்ள அந்தம்மா வந்துட்டா தண்ணி மட்டும் குடு கண்ணு. சோறு போட்றாத, சொல்லிப்புட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் போன அரை மணி நேரத்தில் வேன் வந்துவிட்டது.

வேனிலிருந்து முதலில் டிரைவர் இறங்கினார், ராசிபுரம் பக்கத்து ஆள். "ஏனுங்கக்கா, கொஞ்சம் கைய புடிங்க, அம்மாவுக்கு முடியல" என்றார். உள்ளே அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, பருத்திச் சேலை, மடியில் பாலித்தீன் பை. எழுபது கொண்டை ஊசி வளைவு யாரையும் விடுவதில்லை. அவர் வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. முகம் வெளுத்து, கை வெடவெடவென்று நடுங்கியது.

"சுகர் இருக்குதுமா எனக்கு," என்றார். "காலைல மாத்திர போட்டேன், துன்னதெல்லாம் வெளிய போயிடுச்சு. சக்கர எதுனா இருந்தா குடேன்."

அச்சு அசல் சென்னைத் தமிழ். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த முகத்திலிருந்து அந்தப் பேச்சு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குடித்துச் சற்று நேரமாகியும் நடுக்கம் முழுசாக நிற்கவில்லை. அவர் கண் என் அடுப்புப் பக்கம் போனது. அதில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருந்தன. அக்கா சொன்னது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் என் வீட்டு வாசலில் ஒருவர் நடுங்கிக்கொண்டிருக்கும்போது சோற்றை மூடிவைக்க எனக்குத் தெரியவில்லை. தட்டை எடுத்தேன். டிரைவருக்கும் சேர்த்து வைத்தேன்.

சாப்பிடச் சாப்பிட அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பேச்சும் திரும்பியது. அவராகவே பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சீனாக்காரி வராள்னதும் துட்டு மூட்டையோட வருவான்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தார். "எங்க தாத்தா செருப்பு தைக்க வந்தவருமா. ஹக்கா ஆளுங்க நாங்க. எங்காளுங்களுக்குள்ளயே ஊருக்கு ஒரு போர்டு மாட்டி வெச்சிருக்காங்க. ஹக்கான்னா தோலு, செருப்பு. ஹூபே ஆளுன்னா பல்லு டாக்டர். காண்டன் ஆளுன்னா மரவேல. வென்சோன்னு கடலோரமா ஒரு ஊரு கீதாம், அங்க பொறந்தவன் தூங்கினாக்கூட துட்டு சம்பாதிப்பானாம். நான் பாத்ததில்ல. எங்க ஊட்டுக்காரர் பல்லு டாக்டர் வம்சம். நான் கட போடறேன்னதும் அவங்க ஆளுங்க இன்னா கேட்டாங்க தெரியுமா? 'ஹக்காக்காரிக்கு இன்னாத்துக்கு சாஸு? செருப்பு விக்கலாம்ல'ன்னாங்க."

"அப்பறங்க?"

"அப்பறம் இன்னா, மூணு தபா கட போட்டேன். மூணையும் பூட்டினேன். கடசீல பூட்டினது கொரோனால. அப்போ ரோட்டுல ஒருத்தன், 'சீனாவுக்குப் போ'ன்னு கத்தினான். நான் பொறந்தது ராயபுரம். திருப்பி உட்டேன் பாரு திட்டு, அதக் கேட்டுட்டு அவனே 'யக்கா, நம்ம ஏரியாவா'ன்னு வண்டியத் திருப்பிக்கினு போய்ட்டான்."

டிரைவருக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கண் மூட்டைகள் பக்கம் போனது. மூன்று கடையைப் பூட்டியவர். பெரிய கை இல்லை. என்னைப் போல ஒருத்திதான். இவர் பதினேழு மூட்டையை எங்கே கொண்டுபோய் வைப்பார்? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்கவில்லை.

அக்கா எடை மிஷினோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வாசலில் ஏழு வீட்டாரும் கூடியிருந்தார்கள். அக்கா விருந்தாளியைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்ததாக அவர் பார்த்தது கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு தட்டுகளை. என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப்போனார்.

"போட்டயா?"

"முடியாம வந்தாங்கக்கா. நடுக்கம் கண்டுருச்சு."

"பன்னு ஒன்னு வாங்கிக் குடுத்திருக்கலாமில்ல? கடைல வாங்குன பன்னு நம்ம சோறு ஆகாதில்ல? உனக்கு மூளைன்னு ஒன்னு இருக்குதா இல்லையா?"

பன் எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"இப்ப யாரு பேசறது? நானும் பங்காளி ஊடு, நிக்கிறவங்க அத்தன பேரும் பங்காளி ஊடு. டிரைவரு?"

"அவருக்கும் போட்டுட்டேங்க."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "போட்டதுதான் போட்ட, எனக்கும் ஒரு தட்டு வெச்சிரு. சாப்புட்டுட்டு எல்லாரும் ஒன்னா அழுவலாம்."

அந்தச் சமயத்தில் வெளியே பைக் சத்தம் கேட்டது. சோளக்காட்டு வியாபாரி. இந்தப் பக்கமாகப் போனேன், கூட்டத்தைப் பார்த்து நின்றேன் என்றார். எங்கள் வழி வேறு எங்கும் போகாது, எங்கள் ஊரோடு முடிந்துவிடும். அதையும் யாரும் சொல்லவில்லை.

அவர் நேராகப் போய் விருந்தாளியின் பக்கத்தில் நின்றார். "வணக்கங்க மேடம். இவங்க நல்ல ஜனங்க. வெள்ளந்தி. ஆனா வியாபாரம் சுத்தமா வராது. நீங்க பாத்து எடுக்கோணும். போன வருசம் வேற ஒரு ஊருல ஒருத்தன் பப்பாளி வெதையக் கலந்துட்டான்." பிறகு எங்கள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "சீனாக்காரங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க. மொத வருசம் ஆசையா வெல குடுப்பாங்க. அடுத்த வருசத்துல இருந்து அவங்க வெச்சதுதான் வெல."

"அது நமக்குப் பழக்கந்தானுங்க," என்றார் அக்கா.

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சீனாக்கார அம்மா என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, அடியில் கைவிட்டு ஒரு பிடி மிளகை எடுத்து டம்ளரில் போட்டார். எல்லாரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தோம். பப்பாளி விதை மிதக்கும், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகும் மிதக்கும், நல்ல மிளகு அடியில் போய் உட்காரும். எங்கள் மிளகில் கலப்படம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மிளகு ஒவ்வொன்றாக இறங்கியது. மேலே இரண்டே இரண்டு பொக்கு நின்றது. அவர் அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, இன்னொரு மூட்டையில் கைவிட்டார். அப்படி ஐந்து மூட்டை பார்த்தார். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சரக்கு சோக்கா கீது," என்றார். "வெல சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மிளகு பிடித்தும் நாங்கள் ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் மாறியது. "இன்னாமா, விக்கிறதுக்குத்தானே வரச்சொன்னீங்க?"

டிரைவர் மெல்ல விஷயத்தைச் சொன்னார். அவருக்கு எங்கள் வழக்கம் கொஞ்சம் தெரிந்திருந்தது. சீனாக்கார அம்மாவுக்குப் பாதி புரிந்தது. "சாப்ட்டது என் தப்பா?" என்று கேட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"அதனால என்னங்க," என்று வியாபாரி முன்னால் வந்தார். "நான் இந்த ஊட்டுல கை நனைச்சதில்ல. நானே நடுவுல நின்னு பேசி முடிச்சுத் தர்றேன். ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்கதான்."

அக்கா என்னைப் பார்த்தார். சின்ன மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வழக்கப்படி சரிதான்" என்றார். சரிதான். வழக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்தவருக்கு எதையாவது கொடுக்கிற பழக்கத்தில், "உக்காருங்க, காப்பித்தண்ணி வெக்கிறேன்" என்றேன் வியாபாரியிடம்.

"வேண்டாங்க. வயிறு சரியில்ல."

இருபது வருஷமாக அவர் சொல்லும் பதில் அது. எங்கள் யார் வீட்டிலும் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. குடிக்கத் தண்ணீர்கூடப் பாட்டிலில் கொண்டுவருவார். எங்களைத் தாழ்வாக நினைக்கிறார் என்று சிலரும், உண்மையிலேயே வயிற்றுக் கோளாறு என்று சிலரும் சொல்வோம். பாவம் என்று ஒரு தடவை நான் அவருக்கு ஓமம் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ரத்தத்தில் ஒன்றும் ஊறியிருக்கவில்லை. எங்கள் வழக்கம் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவ்வளவுதான். எங்கள் சோற்றைச் சாப்பிடாமல் இருந்தார், அதனால் எல்லா வருஷமும் எங்களுக்கு அவர் வெளியாளாகவே இருந்தார், நடுவில் இன்னொருவர் நின்று பேரம் பேச இடமில்லாமல் போனது. அது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அவர் சீனாக்கார அம்மாவைத் தனியாக வேன் பக்கம் அழைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர்கள் நாலு எட்டு வைத்திருப்பார்கள். நான் உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் நேற்றுக் கிழிக்காமல் விட்ட தாளைக் கிழித்தேன். பின்பக்கத்தில் விலையை எழுதினேன். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்த விலை. ஓடிப்போய் அந்த அம்மா கையில் கொடுத்தேன்.

"என்ன புள்ள பண்ற?" என்றார் சின்ன மாமனார். "எழுதறதும் சொல்றதும் ஒன்னுதான்."

"உங்க பாட்டன் காலத்துல எவனுக்கு எழுதத் தெரிஞ்சுது?" என்றார் அக்கா. "அதுக்கெல்லாம் வழக்கம் வெக்கல, நீங்க சும்மாயிருங்க."

சீனாக்கார அம்மா தாளைப் பார்த்தார். சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு கையை நீட்டிப் பேனா கேட்டார். என் எண்ணுக்குக் கீழே ஓர் எண்ணை எழுதித் திருப்பிக் கொடுத்தார். ரொம்பக் குறைவு. சாப்பாடு போட்டாயே என்று பேசாமல் எடுத்துக்கொள்வார் என நான் எங்கோ ஓர் ஓரத்தில் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. மனது வாடியது. ஆனால் அவர் கண்ணில் கேலி இல்லை. எழுது என்பது போலத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதினேன். அவர் எழுதினார். வியாபாரி பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பேனா நின்றுவிட்டது. டிரைவர் தன் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். நான்காவது தடவை நான் எழுதிய எண்ணை அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி," என்றார்.

அக்கா "முருகா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

"ஆனா ஒன்னுமா. எட்டு மூட்டதான். அதுக்குமேல எனக்கு வழியில்ல. பொய் சொல்லக்கூடாது பாரு."

பதினேழில் எட்டு. மீதி ஒன்பது. எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் என் மேல் விழுந்தது. அக்கா என் காதுக்குள், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"சாப்புடும்போதே தோணுச்சுங்க."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா எல்லாரும் மூட்டைய எடுத்துட்டுப் போயிருப்பீங்க."

அன்று முழுக்க அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்த எட்டு என்று பேச்சு வந்தது. ஒருவர் குரல் உயர்ந்தது, இன்னொருவர் மூட்டையின் மேல் கை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் பெரிய கை என்றவர்களே, "சீனாக்காரின்னு நம்பி மோசம் போனோம்" என்றார்கள். அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு மூட்டை மூன்று. அந்த எட்டில் எங்களுடையது வேண்டாம் என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மற்ற ஆறு வீட்டாருக்கும் எட்டைப் பிரிப்பது சுலபமாக இருந்தது.

வியாபாரி பைக்கைக் கிளப்பினார். "ஒன்பது மூட்டைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எட்டு மூட்டையையும் நிறுத்து வேனில் ஏற்றினோம். அந்த அம்மா ஏறும்போது என் கையைப் பிடித்து, "நீ எழுதறதுக்கு யோசிக்கவே மாட்டேன்றியே, நல்லா பேரம் பேசற" என்றார். பேரம் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. எலுமிச்சம்பழம் இரண்டு கொடுத்து, வளைவு முடியும்வரை மோந்துகொண்டே போகச் சொன்னேன்.

மறுநாள் காலை மீதி ஒன்பது மூட்டைகளையும் ஜீப்பில் ஏற்றிச் சோளக்காட்டுக்குக் கொண்டுபோனோம். அக்காவும் வந்தார். வியாபாரி பத்து மணிக்குக் கடை திறந்தார். ஒன்பதையும் எடுத்துக்கொண்டார். போன வருஷ விலைதான் கொடுத்தார், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.